ஒரே பெயரில் மூவர்: கிராம்ப்ஸ் மென்பொருளுடன் ஓராண்டு

என் தந்தைவழிக் கொடிவழியில் ஒரே பெயருடைய மூவர் இருக்கிறார்கள். அண்ணன் தம்பி மூவர் தத்தம் மூத்த மகனுக்குத் தங்கள் தந்தையின் பெயரையே இட்டதால் வந்த சிக்கல் இது. மூவரும் ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள், ஏறத்தாழ ஒரே வயதினர். போதாக்குறைக்கு, அவர்களுள் இருவரின் மனைவியர் பெயரும் ஒன்றே. பேரன் என்ற சொல்லின் பழைய வடிவம் பெயரன் என்பதை எண்ணினால் முன்னோர் பெயரைப் பின்னோர் தாங்குவதில் வியப்பில்லை. ஆனால் பழைய பத்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் சாட்சிக் கையெழுத்திட்டவர் மூவருள் எவர் என்று விழிப்பவருக்கு அந்தப் பெயர்ப் பற்று பெருந்தொல்லை. என்னிடம் இருந்த சான்றுகளும் மிகச் சிலவே: சில பத்திரங்கள், இரண்டு இறப்புப் பதிவுகளின் நகல், ஆண்டு குறிக்கப்படாத குடும்பக் குறிப்பேடு ஒன்று, பின்புறம் பெயர் எழுதிய நிழற்படங்கள், மூத்த உறவினர் சிலரின் நினைவு. இவற்றை ஒழுங்குபடுத்துவதற்காகவே கிராம்ப்ஸ் என்னும் குடும்ப மர மென்பொருளைக் கடந்த ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன்.

குடும்ப மர மென்பொருள்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் வரைபடம் எவ்வளவு அழகாக விரிகிறது, எத்தனை கோடிப் பதிவுகளில் தேட முடிகிறது என்பவற்றையே பார்க்கிறார்கள். ஆவணங்கள் நிறைந்த குடும்பத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தும். ஆவணம் அருகிப் பெயர் பெருகிய குடும்பத்துக்கு நான் கேட்கும் கேள்விகள் இரண்டு. தவறுதலாக இருவரை ஒருவராக்கிவிடாமல் இந்தக் கருவி என்னைக் காக்கிறதா? ‘எனக்கு இதில் உறுதியில்லை’ என்பதை எழுதிவைக்க இதில் இடம் இருக்கிறதா?

இந்தக் கேள்விகளை நான் பட்டுத்தான் கற்றேன். முன்பு சந்தா கட்டிப் பயன்படுத்திய ஓர் இணையதளம், என் மரத்தில் ஒரு பெயரைப் பதிந்த சில நிமிடங்களிலேயே ‘இவரும் அவரும் ஒருவராக இருக்கலாம்’ என்று குறிப்புகளை அடுக்கத் தொடங்கியது. குறிப்பின் அருகே ஏற்றுக்கொள்ளும் பொத்தான் பெரிதாகவும், மறுக்கும் வழி சிறிய எழுத்திலும் இருந்தன. நான்கு மாலைப் பொழுதுகளில் நானும் உற்சாகமாக ஏற்றுக்கொண்டே போனேன். முடிவில் என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரே பெயரில் இரண்டு மனைவியரும் பதினொரு பிள்ளைகளும் சேர்ந்திருந்தார்கள். அவர்களுள் ஒரு மகன் அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் பிறந்திருந்தான். எந்தப் பொத்தானை அழுத்தியபோது எந்தத் தகவல் வந்து ஒட்டியது என்று பின்னோக்கிப் பார்க்க வழி இல்லாததால் மரத்தையே அழித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

கிராம்ப்ஸ் இதற்கு நேர்மாறான இயல்புடையது. 2001ஆம் ஆண்டில் தொடங்கி, இன்றளவும் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வரும் திறமூல மென்பொருள் இது, கட்டணம் இல்லை, விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. தரவு முழுவதும் நம் கணினியிலேயே இருக்கிறது, இணைய இணைப்பும் தேவையில்லை. தானாக எந்த முன்னோரையும் தேடிக் கொண்டுவந்து நீட்டாது. இதனோடு ஒப்பிட, ஃபேமிலிசர்ச் என்னும் குடும்ப வரலாற்று இணையதளத்தின் பொது மரத்தில் இறந்தவர் ஒருவருக்கு உலகுக்கே ஒரு பக்கம்தான், அதை எவரும் திருத்தலாம் என்பது அடிப்படை விதி. பலர் கைகொடுத்தால் விரைவாக வளரும் என்பது அந்த அமைப்பின் வலிமை. ஒரே பெயருடைய ஒன்றுவிட்ட சகோதரர்களின் வழித்தோன்றல்கள் ஒரே பக்கத்துக்கு வந்து, தத்தம் தாத்தாவை ஆளுக்கொரு திசையில் இழுத்தால் என்னவாகும் என்பதை வாசகரே கற்பனை செய்துகொள்ளலாம். என் ஐயங்களை நானே தனியாக வைத்துக்கொண்டு ஆராய ஒரு மேசை வேண்டும். கிராம்ப்ஸ் அந்த மேசை.

இதன் அமைப்பில் எனக்கு முதலில் எரிச்சலையும் பிறகு மதிப்பையும் ஏற்படுத்தியது, ஆள், நிகழ்வு, இடம், சான்று, மேற்கோள் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் பதிவாக வைத்திருப்பது. பிற நிரல்களில் ‘பிறந்த தேதி’ என்ற கட்டத்தில் எண்ணை நிரப்பினால் வேலை முடிந்தது. இங்கே பிறப்பு ஒரு நிகழ்வு. அந்த நிகழ்வுக்கு ஒரு மேற்கோள் வேண்டும். மேற்கோள் ஒரு சான்று மூலத்தின் குறிப்பிட்ட பக்கத்தைச் சுட்ட வேண்டும். அந்த மூலம் எங்கே பாதுகாக்கப்படுகிறது என்பதற்கும் தனிப் பதிவு உண்டு. முதல் பத்திரத்தை உள்ளிட எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆயினும், ஒவ்வொரு மேற்கோளுக்கும் மிகக் குறைவு, குறைவு, இயல்பு, உயர்வு, மிக உயர்வு என ஐந்து நிலைகளில் நம்பகத்தன்மையைக் குறிக்கலாம் என்பது தெரிந்த நாளில் அந்த ஒரு மணி நேரம் வீணன்று என்று தோன்றியது. குறிப்பேட்டில் உள்ள பிறப்புச் செய்தியும் இறப்புப் பதிவில் உள்ள வயதும் முரண்படும்போது ஒன்றை அழித்து மற்றொன்றை எழுத வேண்டியதில்லை. இரண்டையும் வெவ்வேறு பிறப்பு நிகழ்வுகளாக வைத்து, ஒன்றுக்கு ‘குறைவு’ என்றும் மற்றதற்கு ‘இயல்பு’ என்றும் குறித்துவிட்டு, புதிய சான்று கிடைக்கும் வரை காத்திருக்கலாம்.

ஒரு நிகழ்வில் பலரைப் பங்கேற்பாளர்களாகச் சேர்க்க முடிவது, பெயர் குழம்பும் குடும்பங்களுக்கு இந்த மென்பொருள் தரும் மிகப் பெரிய உதவி. பத்திரப் பதிவு என்ற ஒரே நிகழ்வை உருவாக்கி, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சாட்சிகள், எல்லையில் குறிப்பிடப்பட்ட பக்கத்து நிலத்துக்காரர் என ஒவ்வொருவரையும் அவரவர் பங்கோடு இணைக்கலாம். பட்டியலில் இல்லாத பங்கை நாமே பெயரிட்டுச் சேர்க்கலாம். குடும்ப வரலாற்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக வலியுறுத்தும் முறை இது. ஒருவரின் பெயர் அவரை அடையாளம் காட்டாதபோது, அவரைச் சூழ்ந்திருந்த நண்பர், கூட்டாளி, அண்டை வீட்டார் காட்டிக்கொடுப்பார்கள். என் மூவருள் முதலாமவரைப் பிரித்தெடுத்தது இந்த வழியில்தான். நான்கு ஆவணங்களில் வரும் ஒருவருடன் எப்போதும் அதே இரு சாட்சிகள் இருந்தார்கள்; அவ்விருவரும் அவருடைய மனைவியின் உடன்பிறந்தார் என்பது குறிப்பேட்டின் மூலம் தெரிந்தது. நாற்பது வயதில் ஒரு மனிதன் யாரை நம்பிச் சாட்சிக்கு அழைக்கிறான் என்பது அவன் பெயரைவிட அவனைப் பற்றி அதிகம் சொல்கிறது.

பெயரைப் பதியும் திரையும் பாராட்டுக்குரியது. ஒருவருக்கு எத்தனை மாற்றுப் பெயர்கள் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் தனித் தேதியும் தனி மேற்கோளும் கொடுக்கலாம். இதனால் ஆவணத்தில் எழுத்துப் பிழையோடு இருக்கும் பெயரை, அழைக்கும் பெயரை, வேறு எழுத்துமுறையில் நான்கு விதமாக எழுதப்பட்ட அதே பெயரை, எதையும் திருத்தாமல் உள்ளவாறே பதிந்து வைக்க முடிகிறது. பின்பெயரின் தோற்றத்தைக் குறிக்கும் பட்டியலில் ‘தந்தை பெயரிலிருந்து வந்தது’ என்பதும் ஒன்று. நிலையான குடும்பப் பெயர் இல்லாமல் தலைமுறைதோறும் தந்தையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இது இன்றியமையாதது. பல நிரல்கள் இதை உணராமல் தந்தைக்கும் மகனுக்கும் ஒரே குடும்பப் பெயரைத் தாமாகவே நிரப்பிவிடுகின்றன. இவை போக, பட்டப்பெயருக்கும் குடும்பப் பட்டப்பெயருக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. உண்மையைச் சொன்னால், பெயர் திரும்பத் திரும்ப வரும் குடும்பங்களில் முறையான பெயரால் எந்தப் பயனும் இல்லை. நெட்டையர், கறுப்பர், மேல்வீட்டார் என்று ஊரார் வைத்த பட்டப்பெயர்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். ஆளைப் பிரித்தறிய வேண்டிய தேவை அன்று வாழ்ந்தவர்களுக்கும் இருந்ததல்லவா! ஆகவே மூத்த உறவினரிடம் பேசும்போது பெயரைக் கேட்பதற்கு முன் பட்டப்பெயரைக் கேளுங்கள் என்பேன்.

தேதி விஷயத்தில் கிராம்ப்ஸ் காட்டும் நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. முன், பின், ஏறத்தாழ, இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் என்றெல்லாம் குறிக்கலாம். அதற்கு மேல், இது மதிப்பிடப்பட்டதா, கணக்கிடப்பட்டதா என்ற தரக் குறிப்பும் உண்டு. இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு அன்று. ஆவணத்தில் ‘வயது 50’ என்று இருந்தால் ஆவண ஆண்டிலிருந்து ஐம்பதைக் கழித்துப் பிறந்த ஆண்டை எழுதிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. வயதைச் சொல்லும்போது பூச்சியத்திலும் ஐந்திலும் முடியும் எண்களுக்கு நகர்ந்துவிடுவது மனித இயல்பு. மக்கள்தொகைக் கணக்கியலில் இந்தச் சாய்வை அளக்கவே, 23 முதல் 62 வரையிலான வயதுகளைக் கொண்டு கணக்கிடப்படும் விப்பிள் குறியீடு என்ற அளவை இருக்கிறது. எனவே ஐம்பது என்று எழுதப்பட்டவர் நாற்பத்தாறாகவும் இருக்கலாம், ஐம்பத்து மூன்றாகவும் இருக்கலாம். மூன்று பேரின் பிறப்புக்கும் இடையே ஆறேழு ஆண்டுகளே வேறுபாடு என்ற நிலையில், வயதை மட்டும் வைத்து ஆளைத் தீர்மானிப்பது காசைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். நான் இப்போது இத்தகைய ஆண்டுகள் அனைத்தையும் ‘கணக்கிடப்பட்டது, ஏறத்தாழ’ என்றே பதிகிறேன். ஒரு ஆளின் பக்கத்தைத் திறந்தவுடன் எது ஆவணம் சொன்னது, எது நான் கழித்துக் கண்டது என்பது கண்ணில் படுகிறது.

இனி இந்த மென்பொருளின் முதன்மையான குறைக்கு வருகிறேன். ஆவணத்தில் வரும் ஒரு பெயர் வேறு, வாழ்ந்து மறைந்த ஒரு மனிதர் வேறு. முன்னது சான்று, பின்னது நாம் வந்தடையும் முடிவு. நிகழ்வையும் மேற்கோளையும் இவ்வளவு அழகாகப் பிரித்த கிராம்ப்ஸ், இந்த வேறுபாட்டுக்கென ஓர் அடுக்கைத் தரவில்லை. மரத்தில் இருக்கும் ‘ஆள்’ எப்போதும் முடிவு செய்யப்பட்ட ஆள்தான் என்பது அதன் அனுமானம். இதற்கு நான் கண்ட மாற்று வழி, ஆவணத்தில் பெயர் வரும் ஒவ்வொரு முறையும் அவரைப் புதிய ஆளாகவே பதிவது. கிராம்ப்ஸ் ஒவ்வொருவருக்கும் ஐ0017, ஐ0023 என்பதுபோல் தனி அடையாள எண் கொடுப்பதால் ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் குழப்பம் இல்லை. ஒரு கட்டத்தில் என் மரத்தில் அந்த ஒரே பெயரில் பதினான்கு பேர் இருந்தார்கள். அவர்களுள் உறவில்லாமல் தனியே மிதந்தவர்களே மிகுதி. வண்ணக் குறிச்சொல் இடும் வசதியைக் கொண்டு, இப்படி மிதப்பவர்களுக்கெல்லாம் மஞ்சள் நிறம் கொடுத்தேன். இருவரும் ஒருவராக இருக்கலாம் என்ற ஐயம் தோன்றும்போது, தொடர்புகள் என்ற பகுதியில் ‘ஒருவரே போலும்’ என்று நானே ஒரு தொடர்பு வகையை உருவாக்கி, அதற்கான காரணத்தை மேற்கோளாகவும் குறிப்பாகவும் இணைத்தேன். போதிய காரணங்கள் சேர்ந்த பின்னரே இருவரையும் இணைத்தேன்.

இணைப்பது எளிது. இருவரைத் தேர்ந்தெடுத்து, எவருடைய அடையாள எண் நிலைக்க வேண்டும் என்று சொன்னால் போதும். நிகழ்வுகளும் மேற்கோள்களும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பிரிப்பதற்கு மட்டும் ஒரு கருவியும் இல்லை. நிரலை மூடுவதற்கு முன் செய்த செயல்களைத் திரும்பப் பெற முடியும். மூடிவிட்டால், இணைந்தவரைக் கையாலேயே ஒவ்வொரு நிகழ்வாகப் பிய்த்தெடுக்க வேண்டும். ஒருமுறை இரண்டாமவரையும் மூன்றாமவரையும் அவசரப்பட்டு ஒன்றாக்கிவிட்டு மூன்று வாரம் கழித்து, ஒரு நிழற்படத்தின் பின்புறக் குறிப்பைப் பார்த்து அது தவறென்று உணர்ந்தேன். நல்வாய்ப்பாக, இணைப்பதற்கு முந்தைய காப்புக் கோப்பு என்னிடம் இருந்தது. அன்று முதல், ஒவ்வொரு இணைப்புக்கும் முன் தேதியிட்ட காப்புப்படி எடுப்பதை நான் தவறவிடுவதில்லை.

ஒரே ஆள் இருமுறை பதியப்பட்டிருக்கிறாரா என்று தேடும் கருவி ஒன்று இதில் உண்டு. பெயர் திரும்ப வராத குடும்பத்துக்கு அது பயன்படலாம். எனக்கோ அது தாத்தா, பேரன், பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என அனைவரையும் இணை இணையாக நிறுத்தி நீண்ட பட்டியல் கொடுத்தது. ஒலி ஒப்புமையைக் காண அது பயன்படுத்தும் சவுண்டெக்ஸ் முறை 1918இல் காப்புரிமை பெற்றது. பெயரை அதன் முதல் எழுத்தும் மூன்று இலக்கங்களும் கொண்ட குறியீடாக மாற்றும் அது, ஆங்கில ஒலிப்பை ஒட்டி அமைந்தது. தமிழ் எழுத்தில் பதிந்த பெயர்களுக்கு அதை நம்பிப் பயனில்லை. இந்தக் கருவியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடியதோடு சரி. மாறாக, தரவைச் சரிபார்க்கும் கருவி மிக நன்று. தாய் இறந்த பின் பிறந்த பிள்ளை, நம்பமுடியாத வயதில் நடந்த திருமணம், அளவுக்கு மீறிய ஆயுள் போன்றவற்றை அது சுட்டிக்காட்டுகிறது. வரம்புகளை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒரே பெயருடைய தந்தையும் மகனும் ஒருவராகக் கலந்துவிட்ட இடங்களில் பெரும்பாலும் முதலில் தென்படும் அறிகுறி இத்தகைய இயலாத வயதுதான். முன்பு நான் பட்ட இறந்தபின் பிறந்த மகன் கதை இங்கே சில நொடிகளில் பிடிபட்டிருக்கும்.

இடப் பதிவுகள் ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் அடுக்கு முறையில் உள்ளன. ஊர் எந்த ஆண்டில் எந்த நிர்வாகப் பிரிவில் இருந்தது என்பதையும் தேதியோடு குறிக்கலாம். மனிதர்களைப் போலவே ஊர்களும் பெயரைப் பகிர்ந்துகொள்பவை என்பதால் இதுவும் தேவைதான்.

வரைபடங்களைப் பற்றி ஓரளவு சொல்ல வேண்டும். தலைமுறை தோறும் முன்னோர் இரட்டிப்பாகிறார்கள். பத்தாவது தலைமுறையில் 1,024 இடங்கள். ஆனால் உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் அந்த இடங்களை வெவ்வேறு மனிதர்கள் நிரப்புவதில்லை. உடன்பிறந்தார் இருவரின் பிள்ளைகள் ஒருவரையொருவர் மணந்தால், அவர்களுடைய பிள்ளைகளுக்கு எட்டுக் கொள்ளுத்தாத்தா பாட்டிகளுக்கு மாறாக ஆறு பேரே இருப்பார்கள். வரைபடத்தில் ஒரே பெயர் இரண்டு கிளைகளில் தோன்றும்போது, அது ஒரே மனிதர் இரு வழிகளில் முன்னோராவதா, இல்லை, ஒரே பெயருடைய இருவரா என்பது காகித மரத்தில் தெரியாது. கிராம்ப்ஸில் பெயரோடு அடையாள எண்ணையும் காட்டும்படி அமைத்துக்கொண்டால் பார்த்தவுடன் விளங்கிவிடும். மற்றபடி வரைபடங்கள் அழகானவை அல்ல. அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்ட நினைப்பவர் ஏமாற்றம் அடைவார். இருவருக்குள்ள உறவைக் கணக்கிடும் வசதியை ஆங்கில இடைமுகத்தில் பயன்படுத்தினால், அத்தை மகனும் சித்தப்பா மகனும் ஒரே ‘கசின்’ ஆகிவிடுகிறார்கள். ஒருவர் மணமுறை உடையவர், மற்றவர் அண்ணன் தம்பி முறை என்பது தமிழில் அடிப்படை வேறுபாடு. அந்த இடத்தில் விடையை நானே எழுதிக்கொள்கிறேன்.

இந்த மென்பொருளை எல்லோருக்கும் பரிந்துரைப்பேனா என்றால், இல்லை. இது மேசைக் கணினிக்கானது. கைப்பேசியிலேயே எல்லாம் முடிய வேண்டும் என்பவருக்கு ஒத்துவராது. திரைகள் பழைய பாணியில் இருக்கின்றன. ஒரு சாளரத்துக்குள் மற்றொன்று, அதற்குள் இன்னொன்று என்று திறந்துகொண்டே போகும்போது எதைச் சேமித்தோம் என்பது மறந்துவிடும். தொடங்கிய முதல் மாதத்தில் இருமுறை கைவிட்டுத் தாளுக்கும் பேனாவுக்கும் திரும்பினேன். பெற்றோர், தாத்தா பாட்டி வரை எழுதிவைத்தால் போதும் என்பவருக்கு ஒரு நல்ல நோட்டுப் புத்தகமே மேல். ஐயப்பாடுகள் நூறைத் தாண்டி, எந்த ஐயம் எந்தத் தாளிலிருந்து பிறந்தது என்பதே மறந்துபோகும் நிலையில் உள்ளவருக்குத்தான் இதன் உழைப்பு பலன் தரும்.

பயன்படுத்தத் தொடங்குவோர், உறவினரோடு தரவைப் பகிர்வதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடும்ப மர நிரல்களுக்கிடையே பொதுவாகப் பயன்படும் ஜெட்காம் என்னும் கோப்பு வடிவம் 1984இல் உருவானது. கிராம்ப்ஸ் அதில் ஏற்றுமதி செய்யும். ஆனால் நான் மேலே விவரித்த நுணுக்கங்கள் எல்லாம் அந்தப் பயணத்தில் முழுமையாக உயிர்தப்புவதில்லை. நாமாக உருவாக்கிய தொடர்புகளும் நிறக் குறிகளும் மறுபுறம் அப்படியே போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம். ஐயம் உதிர்ந்து முடிவு மட்டும் போய்ச் சேர்ந்தால், பெறுபவர் அதை உறுதியான செய்தி என்றே கொள்வார். ஆகவே நான் காப்புக்குக் கிராம்ப்ஸின் சொந்த வடிவத்தையே பயன்படுத்துகிறேன்; உறவினருக்கு மஞ்சள் குறியிட்டவர்களை நீக்கிய கோப்பைக் கொடுக்கிறேன். உயிரோடு இருப்போரின் விவரங்களை ஏற்றுமதியில் விலக்கும் தெரிவு உண்டு, அதையும் தவறாமல் இடுங்கள். பிறர் அனுப்பும் கோப்பை நேரடியாக உங்கள் மரத்துக்குள் கொண்டுவராமல் வெற்று மரம் ஒன்றில் முதலில் திறந்து பாருங்கள். என் பெரியப்பா வழி உறவினர் ஒருவர் அன்போடு அனுப்பிய கோப்பில் ஒரே பெயருடைய அந்த மூவரும் ஒருவராகவே இருந்தார்கள், அதே பதினொரு பிள்ளைகளோடு. அவர் அதை எந்த இணையதளத்திலிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.